குணமாயிற்று என்ற பிறகு

தமிழில் ‘குணம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோய் நீங்குவதும் குணம். ஒருவருடைய இயல்பும் குணம். “பிள்ளைக்குக் குணமாகிவிட்டது” என்று மகிழ்ந்து சொல்லும் தாயே, ஆறு மாதம் சென்றபின், “பிள்ளையின் குணமே மாறிவிட்டது” என்று கலங்கிச் சொல்வதும் உண்டு. தலையில் பலத்த அடிபட்டு உயிர் பிழைத்த குழந்தைகள் வாழும் இல்லங்களில் இவ்விரு வாக்கியங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கின்றன. முதலில் சொன்ன குணத்தை மருத்துவமனை தருகிறது. இரண்டாவதாகச் சொன்ன குணம் ஏன் மாறிற்று என்பதை அந்தத் தாய்க்கு எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

மூளையில் காயம்பட்ட குழந்தையை மனித இனம் புரிந்துகொண்ட வரலாறு நெடியது. அதில் திருத்தணியைச் சூழ்ந்துள்ள நம் வட்டாரத்திற்கும் ஒரு பங்கு உண்டு. உயிரைக் காப்பது எவ்வாறு என்பது அவ்வரலாற்றின் முற்பகுதி. காக்கப்பட்ட குழந்தையோடு வாழ்வது எவ்வாறு என்பது அதன் பிற்பகுதி. முற்பகுதியை நாம் ஓரளவு கற்றுத் தேர்ந்துவிட்டோம். பிற்பகுதியை இன்னும் எழுத்துக் கூட்டியே படித்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய மண்டை ஓடுகளின் சாட்சி

குஜராத்தில் உள்ள லோத்தல், சிந்துவெளி நாகரிகத்தின் துறைமுக நகரங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. அங்கே நடந்த அகழாய்வில் ஒன்பது அல்லது பத்து வயதுக் குழந்தையொன்றின் மண்டை ஓடு கிடைத்தது. அதில் வட்டமான ஒரு துளை இருந்தது. இராஜஸ்தானின் காளிபங்கனில் கிடைத்த மற்றொரு குழந்தையின் மண்டை ஓட்டிலும் இத்தகைய துளைகள் காணப்பட்டன. நோயுற்ற குழந்தையின் கபாலத்தைத் துளைத்து மருத்துவம் செய்ய முயன்றதன் அடையாளங்களே இவை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். என்ன நோய், யார் செய்தார் என்பதை எலும்பு சொல்லாது. ஆயினும் 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே, தலை நோயால் துன்புற்ற ஒரு குழந்தையைக் கைவிட மனமின்றி, கையில் கல்லையோ உலோகத்தையோ எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார்.

எகிப்தில் 1862-இல் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருளொன்று, 1930-இல் ஜேம்ஸ் பிரெஸ்டெட் என்னும் அறிஞரின் மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகள் பழைமையான அச்சுருளில் 48 காயங்கள் விவரிக்கப்படுகின்றன. அவ்வரிசை தலையிலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொரு காயத்திற்கும் மருத்துவர் தம் தீர்ப்பைச் சொல்கிறார்: சில தம்மால் தீர்க்கக் கூடியவை, சில தாம் போராடிப் பார்க்க வேண்டியவை, சில தம் கைக்கு அப்பாற்பட்டவை. தலைக்காயத்தின் முன் மருத்துவர் காட்டிய அடக்கத்திற்கு இது மிகப் பழைய சான்று.

நம் தமிழ் மரபிலும் ஒரு கதை உண்டு. தீராத தலைவலியால் வருந்திய ஓர் அரசனின் கபாலத்தை அகத்தியர் திறந்து பார்த்தாராம். உள்ளே ஒரு தேரை மூளையைப் பற்றிக்கொண்டு இருந்தது. அதைப் பிடுங்கினால் மூளை சிதையும். அவர் தயங்கி நின்ற வேளையில், உடனிருந்த சீடர் ஒரு பாத்திரத்தில் நீர் கொண்டுவந்து அருகே சலசலக்கச் செய்தார். தேரை தானே நீரில் தாவிற்று. அந்தச் சீடரே தேரையர் என்னும் சித்தர் ஆனார் என்பர். இதை நடந்த செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மூளையை வன்மையாகத் தொடலாகாது என்ற அறிவு கதையாகவேனும் நம் முன்னோரிடம் இருந்தது. தென்கோடியில் வளர்ந்த வர்ம மரபும், தலையின் சில இடங்களில் படும் அடி வெளியே புண் ஏதும் காட்டாமலே ஒருவரை நினைவிழக்கச் செய்யும் என்று கூறி வந்தது.

மலைக்கோயில் ஊரும் வேலூர்ச் சாலையும்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள் என்பதும், அவை ஆண்டின் நாள்களைக் குறிக்கும் என்பதும் இவ்வூர்ச் சிறுவருக்கும் தெரிந்தவை. இவ்வூர் எல்லைகளுக்கிடையே நகர்ந்த கதையைப் பெரியவர்கள் அறிவார்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது, மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தில் இருந்தது, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. கோயில், இரயில், திருப்பதிச் சாலை ஆகிய மூன்றும் இங்கே மக்களை இடையறாது நடமாடச் செய்கின்றன. நடமாட்டம் மிகுந்த இடத்தில் விபத்தும் மிகும்.

1940-களில் இவ்வூரில் ஒரு சிறுவன் புளியமரத்திலிருந்து தலைகீழாக விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டியிருப்பார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றாலும், தையல் போட்டுப் படுக்க வைத்துக் காத்திருப்பதைத் தவிர அங்கே செய்யக்கூடியது அதிகம் இல்லை. மூளைக்கும் நரம்பு மண்டலத்துக்கும் அறுவை மருத்துவம் செய்வதற்கென ஒரு தனித்துறை அன்று இந்தியாவில் எங்குமே இல்லை.

அத்தகைய முதல் துறை நமக்கு அண்மையில்தான் பிறந்தது. திருத்தணியிலிருந்து சோளிங்கர், ஆற்காடு வழியாகச் செல்லும் சாலையில் இராணிப்பேட்டை வருகிறது. அங்கே 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரியில் 1949-இல் நரம்பியல், நரம்பு அறுவைத் துறையை நிறுவியவர் ஜேக்கப் சாண்டி. 1910-இல் பிறந்த கேரள மகனான அவர், சென்னையில் மருத்துவம் பயின்று, பஹ்ரைனில் இருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கிருந்த பால் ஹாரிசன் என்னும் மூத்த மருத்துவரின் தூண்டுதலால் இத்துறையை நாடிச் சென்று, கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு, 1950 அக்டோபரில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். சீர்காழியில் 1922-இல் பிறந்த இவர், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரோபாதம் என்பவரிடம் பயின்றவர். தலைக்காயம் பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதியவர் அந்த ரோபாதம். ஆகவே, சாலையில் அடிபட்டுக் கிடக்கும் எளியவரின் தலை, சென்னையில் இத்துறையின் முதற்கவலைகளுள் ஒன்றாயிற்று. இவ்விருவரும், எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். திருத்தணியின் ஒருபுறம் வேலூர், மறுபுறம் சென்னை. ஓராண்டு இடைவெளியில் இரண்டு ஊரிலும் விளக்கு ஏற்றப்பட்டது.

அக்காலத்தில் அவர்கள் கையில் இருந்த கருவிகள் குறைவு. மூளையின் அறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுக்கும் முறையை அமெரிக்காவில் டாண்டி 1918-இல் கண்டிருந்தார். இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் முறையைப் போர்ச்சுகலில் மோனிஸ் 1927-இல் கண்டிருந்தார். இவை தவிர மருத்துவரின் கண்ணும் செவிலியரின் இரவு விழிப்புமே துணை. ஐயம் எழுந்தால் மண்டையில் சிறு துளையிட்டுப் பார்க்க வேண்டும். லோத்தலின் துளைக்கும் இதற்கும் வடிவத்தில் பெரிய வேற்றுமை இல்லை. எங்கே, எப்போது, எதற்காகத் துளைப்பது என்ற அறிவே வேறு.

முதல் காயமும் இரண்டாம் காயமும்

குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள பெரியவர் அன்று. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்கு. கழுத்துத் தசை வலுவற்றது. எனவே குழந்தை விழும்போது தலையே முந்திக்கொண்டு விழுகிறது. மண்டை ஓடு மெல்லியது. உள்ளே இருக்கும் மூளை நீர்ச்சத்து மிகுந்து, மிக மென்மையாக, நீரில் மிதந்த நிலையில் இருக்கிறது. ஓடும் வண்டி திடீரென நின்றால் உள்ளே நிற்பவர் முன்னும் பின்னும் மோதுவது போல, தலை மோதி நிற்கும்போது மூளை ஓட்டின் இரு பக்கமும் மோதும். அடிபட்ட பக்கத்திற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் காயம் உண்டாகலாம். தலை சுழன்று திரும்பினால் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. மண்டை உடையாமல், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல், இவ்வளவும் நடக்கக் கூடும். அழும் பச்சிளங்குழந்தையைச் சினத்தில் பிடித்து உலுக்குவதும் இத்தகைய கேட்டை விளைவிக்கும் என்று 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கத்கெல்ச், அமெரிக்காவில் காஃபி ஆகிய மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர்.

இது முதல் காயம், கணப்பொழுதில் நிகழ்ந்துவிடுவது. இரண்டாம் காயம் பின்வரும் மணி நேரங்களில் வருவது: இரத்தக் கசிவு, வீக்கம், மூச்சுக் காற்றின் குறை. மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் கட்டும்போது ஒரு கொடிய ஏமாற்றம் நேர்வதுண்டு. விழுந்த குழந்தை எழுந்து பேசும், விளையாடும், சோறும் உண்ணும். பிறகு தலை வலிக்கிறது என்று படுக்கும். உறங்குகிறது என்று வீட்டார் விளக்கை அணைப்பார்கள். அது உறக்கமாக இராது. உரிய நேரத்தில் அறுவை செய்தால் முற்றிலும் பிழைக்கக்கூடிய குழந்தை, “நன்றாகத்தானே விளையாடினான்” என்ற ஒரு வாக்கியத்தால் இழக்கப்படுகிறது.

ஆகவே ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய அடையாளங்கள் சில உள்ளன. மீண்டும் மீண்டும் வாந்தி, வலுத்துக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் விழிக்காத மயக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல், கை கால் ஒருபுறம் தளர்தல், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், கைக்குழந்தையானால் ஓயாத அழுகை, பால் குடிக்க மறுத்தல், உச்சிக்குழி புடைத்தல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வாயில் சோடா ஊற்றுவதும், வலிப்பு வந்த கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் பொன்னான நேரத்தைக் கொன்றுவிடும்.

இரண்டாம் காயத்தோடு போராட உலகம் இரு பெரும் துணைகளைப் பெற்றது. ஹவுன்ஸ்ஃபீல்டு கண்ட சி.டி. ஸ்கேன் கருவி 1971 அக்டோபரில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. 1979-இல் அவரும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றனர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட அளவுகோலுக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. கண் திறக்கிறதா, பேச்சு எப்படி, அசைவு எப்படி என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் முறை அது. பேசத் தெரியாத மழலைகளுக்கு, சொல்லின் இடத்தில் அழுகையையும் சிரிப்பையும் வைத்து அதைப் பின்னர் மாற்றி அமைத்தனர்.

குணம் மாறுவதைக் கண்டவர்கள்

இனி வரலாற்றின் பிற்பகுதி. 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இரயில் பாதைக்குப் பாறை பிளந்துகொண்டிருந்த பினியஸ் கேஜ் என்னும் 25 வயதுத் தொழிலாளியின் கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி, தலையின் உச்சி வழியே வெளிப்பட்டது. அவர் சாகவில்லை, நடந்தார், பேசினார். ஆனால் பொறுப்பும் பொறுமையும் உள்ளவராக இருந்தவர், சினமும் நிலையின்மையும் கொண்டவராக மாறியதை ஹார்லோ என்னும் மருத்துவர் 1868-இல் எழுதினார். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைக்கும் மனிதரின் நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்பதை உலகம் கற்கத் தொடங்கியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இந்தப் பாடம் ஒரு கொள்ளை நோயின் வழியாக வந்தது. 1917-இல் வியன்னாவில் எக்கோனமோ விவரித்த ஒருவகை மூளைக்காய்ச்சல் பல நாடுகளில் பரவியது. அதிலிருந்து பிழைத்த குழந்தைகள் பலர் வீடு திரும்பியபின் முரடராகவும், ஓரிடத்தில் நில்லாதவராகவும், இரவில் உறங்காதவராகவும் மாறினர். முந்திய ஆண்டு வரை சாதுவாக இருந்த பிள்ளைகள் இவர்கள். வளர்ப்புக் குறை என்றோ, கெட்ட சகவாசம் என்றோ சொல்ல வழியில்லை. நடத்தைக் கோளாறு மூளையின் காயத்திலிருந்தும் வரலாம் என்று 1920-களில் மருத்துவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஆல்ஃபிரட் ஸ்டிராஸ் என்னும் மருத்துவர், லாரா லேடினென் என்னும் ஆசிரியையோடு சேர்ந்து, மூளைக்காயமுற்ற குழந்தையின் கல்வி பற்றி 1947-இல் அமெரிக்காவில் ஒரு நூல் வெளியிட்டார். வகுப்பறையில் கண்ணையும் காதையும் இழுக்கும் பொருள்களைக் குறையுங்கள். ஆசிரியை கூட ஆபரணங்களைத் தவிர்த்து எளிமையாக உடுத்தட்டும். பாடத்தைச் சிறு கூறுகளாகப் பிரியுங்கள் என்றெல்லாம் அவர்கள் அறிவுறுத்தினர். காயம் பட்டதற்குச் சான்றே இல்லாத பிள்ளைகளையும் அவர்கள் இப்பெயரில் சேர்த்தது பின்னர் குறை கூறப்பட்டது. ஆயினும், பிள்ளையைத் திருத்துவதற்கு முன் வகுப்பறையைத் திருத்துங்கள் என்ற அவர்களது கருத்து நிலைத்துவிட்டது.

இன்னொரு கேள்வி நெடுநாள் விவாதிக்கப்பட்டது. இளம் மூளை விரைவாகத் தேறுமா, பெரியவர் மூளை தேறுமா? 1930-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கென்னார்டு குரங்குகளிடம் செய்த ஆய்வில், குட்டிகளே கை கால் அசைவில் நன்கு தேறின. இதிலிருந்து, “சின்ன வயது, தானாகச் சரியாகிவிடும்” என்ற எண்ணம் மருத்துவரிடமும் வேரூன்றியது. ஆனால் மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பணியாற்றிய டொனால்டு ஹெப் 1940-களில் மாற்றுக் கருத்தை முன்வைத்தார்: கற்ற அறிவு காயத்தைத் தாங்கும், இனிக் கற்க வேண்டிய ஆற்றலையே காயம் குலைக்கும், ஆகவே சிறு வயதுக் காயம் சிலவற்றில் கொடியது. சாண்டியும் பிற்பாடு பயின்ற அதே நிலையத்தில் முளைத்த சிந்தனை இது. 1980-ஐ ஒட்டி இலண்டனில் மைக்கேல் ரட்டர் குழுவினர், தலையில் அடிபட்ட குழந்தைகளை நெடுநாள் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். காயம் கடுமையாக இருந்தவர்களிடம் அறிவுத் திறனிலும் நடத்தையிலும் குறைகள் நீடித்தன என்று அவர்கள் கண்டனர்.

நம் உழவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாற்றங்காலில் பட்ட கேடு நடவின்போது தெரியாமல் போகலாம். கதிர் விடும்போது தெரிந்துவிடும். ஐந்து வயதில் நெற்றிப் பகுதியில் காயம்பட்ட குழந்தை ஆறு வயதில் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். அவ்வயதில் திட்டமிடவோ தன்னை அடக்கிக்கொள்ளவோ யாரும் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை. பதின்மூன்று வயதில் ஐந்து பாடம், ஐந்து ஆசிரியர், வீட்டுப்பாடம், நட்பு, பகை எல்லாம் ஒருங்கே வரும்போதுதான் குறை வெளிப்படும். அதற்குள் விழுந்த கதையை எல்லோரும் மறந்திருப்பார்கள். நெற்றிப் பகுதி மூளை இருபது வயதைக் கடந்தும் வளர்ந்து முதிர்வது என்பதை இன்றைய அறிவியல் சொல்கிறது. ஆகவே இக்குழந்தைகளுக்கு ‘முடிந்தது’ என்று எந்த ஆண்டிலும் கோடு கிழிக்க இயலாது.

வீட்டிலும் வகுப்பிலும்

பங்குப் பணியில் இத்தகைய வீடுகளுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. பெற்றோர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். காலையில் சொன்னதை மாலையில் மறக்கிறான். ஆனால் விபத்துக்கு முன் கற்றவை நினைவில் இருக்கின்றன. பத்து மணி வரை நன்றாகப் படிக்கிறாள். பிறகு மேசையில் தலை சாய்த்துவிடுகிறாள். சிறு காரியத்திற்குச் சீறுகிறான், உடனே அழுகிறான். கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியவில்லை. இவை அடங்காமையோ சோம்பலோ அல்ல. புதியதைப் பதித்து வைக்கும் ஆற்றல், களைப்பைத் தாங்கும் ஆற்றல், சினத்தை நிறுத்தும் ஆற்றல் ஆகியவற்றில் பட்ட காயம் பேசும் மொழி இது.

எல்லைப்புற ஊரான நமக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். மூளைக்காயத்திற்குப் பின் இரு மொழிகளும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. முதலில் கற்ற மொழி முந்தும் என்ற கருத்தை பிரான்சில் ரிபோ 1881-இல் கூறினார். மிகுதியாகப் புழங்கிய மொழியே முந்தும் என்று பித்ரு 1895-இல் கூறினார். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. விதி ஒன்றும் இல்லை. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை வீட்டில் பாட்டியோடு தெலுங்கில் பேசுகிறதா என்று ஆசிரியர் விசாரித்தால், அறிவு மங்கிவிட்டது என்ற தவறான தீர்ப்பிலிருந்து அப்பிள்ளை தப்பும்.

காரணம் தெரியாதபோது மனிதர் தாமே காரணம் கற்பிக்கிறார்கள். காற்று கருப்பு அண்டியது என்று தாயத்துக் கட்டுகிறார்கள்; நேர்ச்சைகள் பெருகுகின்றன; யார் செய்த பாவமோ என்று தாய் தன்னையே நொந்துகொள்கிறாள். செபம் தவறன்று, செபத்தைச் சாக்காக வைத்து மருத்துவத்தைத் தள்ளிப் போடுவதே தவறு. குழந்தையின் மாற்றத்திற்குப் பேய் காரணமல்ல, காயமே காரணம் என்று யாரேனும் ஒருவர் தெளிவாகச் சொல்லும்போது, அந்த வீட்டில் பழி சுமத்தல் பாதி குறைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்ற பழமொழியோடு வளர்ந்தவர்கள் நாம். தலையில் குட்டுவதும் பிடரியில் அறைவதும் நம் கண்டிப்பின் இலக்கணமாகவே இருந்து வந்தன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் 17-ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. ஏற்கெனவே மூளையில் காயம்பட்ட பிள்ளை, அக்காயத்தின் விளைவாகச் செய்யும் குற்றத்திற்காகத் தலையிலேயே அடிக்கப்படுவதைவிடக் கொடியது என்ன இருக்கிறது?

சக்கர நாற்காலி தந்த பாடம்

மறுவாழ்வு மருத்துவத்தின் வரலாறும் வேலூரோடு பிணைந்தது. 1954-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. அதில் மேரி வர்கீஸ் என்னும் மருத்துவர் முதுகுத் தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் தந்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வேலூரில் திறக்கப்பட்டது. இவ்வகையில் நாட்டிலேயே முதலாவது எனப் போற்றப்படுவது அது.

மேரி வர்கீஸின் காயம் மூளையில் அன்று, முதுகில். ஆயினும் அவர் கற்பித்தது இருவர்க்கும் பொருந்தும்: தையல் பிரித்த நாளில் மருத்துவம் முடிவதில்லை, அன்றுதான் அதன் நீண்ட பாதி தொடங்குகிறது. நடக்கப் பயிற்றுவோர், பேசப் பயிற்றுவோர், அன்றாட வேலைக்குப் பயிற்றுவோர், உளவியலார், எல்லோருக்கும் மேலாக வீட்டார் ஆகிய அனைவரும் ஒன்றாகக் கைகொடுக்க வேண்டிய பணி அது.

சட்டம் இங்கே சற்றுப் பின்தங்கி நிற்கிறது. அமெரிக்கா 1990-இல் தன் சிறப்புக் கல்விச் சட்டத்தில் மூளைக்காயத்தைத் தனி வகையாகச் சேர்த்தது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூளைக்காயம் தனிப் பெயரால் அதில் இல்லை. கால் முடங்கினால் ஒரு தலைப்பிலும், பேச்சிழந்தால் மற்றொரு தலைப்பிலும் சான்றிதழ் பெறலாம். நடக்கவும் பேசவும் தெரிந்து, நினைவும் நிதானமும் மட்டுமே குன்றிய பிள்ளை இரு தலைப்புகளுக்கும் இடையே விழுந்துவிடுகிறது. எனவே மருத்துவமனை தரும் விடுவிப்புச் சீட்டையும் ஸ்கேன் படங்களையும் பெற்றோர் பத்திரப்படுத்த வேண்டும். ஐந்தாண்டு கழித்தும் தேர்வில் கூடுதல் நேரமோ, எழுத ஒருவர் துணையோ கோரும் நாளில் அப்பிள்ளைக்காகப் பேசும் சாட்சி அக்காகிதமே.

தலைக்கவசமும் கைப்பிடிச் சுவரும்

‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்றவர், 1935 மே மாதத்தில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர் மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பி விழுந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் இதே சிந்தனையாக இருந்து, தலைக்கவசம் உயிர் காக்கிறது என்பதை 1941-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று நம் தலையில் இருக்கும் ஹெல்மெட்டுக்குப் பின்னால் அந்தக் கட்டுரை இருக்கிறது.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மைய அரசின் கணக்கு கூறுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் இரு சக்கர வண்டியில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளுக்குப் பாதுகாப்புப் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் கடந்தவர்க்குத் தலைக்கவசம் வேண்டும், வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று 2022-இல் விதி வகுக்கப்பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கோயில் வாசலைப் பாருங்கள். தந்தை கவசம் அணிந்திருப்பார். பெட்ரோல் டாங்கின் மேல் அமர்ந்துவரும் மகனின் தலை வெயிலில் மின்னும்.

தமிழ்நாட்டில் 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. உதவி செய்வோரைக் காவல்துறை துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலிமை அளித்தது. எனவே சாலையில் கிடப்பவரைக் கண்டும் காணாமல் போவதற்கு இனி நமக்குச் சாக்கு இல்லை.

சாலை மட்டுமன்று, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடிகளும் குழந்தைகளை வீழ்த்துகின்றன. புது வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் விதிக்கிறது. வீடு மந்திரிக்க அருள்பணியாளரை அழைக்கும் நாளில், அச்சுவர் எழும்பியிருக்கிறதா என்று கேட்பதும் அவர் கடமையே.

கற்க வேண்டிய பிற்பகுதி

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். தம் தொடக்கக் கல்வியை இவ்வூரிலும், பின்னர் திருப்பதியிலும் வேலூரிலும் பெற்றவர். 1962 முதல் அவர் பிறந்த நாளை நாடு ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது. மூளைக்காயமுற்ற பிள்ளை மருத்துவரைக் காண்பது ஆண்டுக்குச் சில முறை. ஆசிரியரைக் காண்பதோ ஒவ்வொரு நாளும். முன் இருக்கையில் இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, கரும்பலகையில் எழுதி வைத்த நாள் ஒழுங்கு, நடுவே சிறிது ஓய்வு, அரை நாள் பள்ளியிலிருந்து படிப்படியாக முழு நாளுக்கு முன்னேறல். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. பிள்ளை விழுந்த நாளையும் பட்ட காயத்தையும் பள்ளிப் பதிவேட்டில் எழுதி, வகுப்பு மாறும்போது அடுத்த ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் போதும். நாற்றங்காலில் பட்டது கதிர்க் காலத்தில் மறக்கப்படாது.

அன்பியக் கூட்டத்தில் இத்தகைய வீடு ஒன்று இருந்தால், முதல் வாரம் எல்லோரும் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். ஆறாவது மாதம் போகிறவர் யார்? அந்தப் பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால், அதன் தாய் அன்று சற்று உறங்குவாள். மறைக்கல்வி வகுப்பில் இடையிடையே எழுந்து திரியும் சிறுவனை வெளியே அனுப்புமுன், அவன் எப்போதாவது விழுந்தானா என்று பெற்றோரைக் கேட்டுப் பார்க்கலாம். குணமாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத் திரும்பும் வழக்கத்தோடு, இப்போது எப்படிப் படிக்கிறான், எதற்குச் சினக்கிறான், யாரோடு விளையாடுகிறான் என்று அமர்ந்து கேட்கும் வழக்கத்தையும் நாம் சேர்த்துக்கொள்வோம். மருத்துவர் தம் பங்கைச் செய்துவிட்டார். மீதியைச் செய்ய வேண்டியவர்கள் அந்தக் குழந்தை வளரும் தெருவில்தான் இருக்கிறார்கள்.